மாதா தெப்பத்தில் ஒரு பெண்

டமார்! கோயில் படித்துறையில் வெடி வெடித்ததும், "மாதா வர்றா! மாதா வர்றா!" என்று ஆற்றின் இரு கரையிலும் கூச்சல் எழுந்தது.

சிமியோனா தன் சின்னப் படகை ஆற்றுக்குள் தள்ளினாள். மடியில் மல்லிகை மாலை. மாலை மாதாவுக்கு, அவள் வந்தது அனக்லேத்தோவுக்காக.

ஊர்த்தலைவர் அனக்லேத்தோ தெப்பத்தில், மாதா சுரூபத்தின் பக்கத்தில் கஞ்சி போட்ட சட்டையோடு விறைப்பாக நின்றிருந்தார். போன வருடத் திருவிழாவில் இதே தெப்பம் கவிழ்ந்துதான், அதில் துடுப்புப் போட்ட அவள் கணவன் பெலாயோ செத்தான். பெண் கால் பட்டால் மாதா தெப்பம் முங்கிவிடும் என்பது ஊர் நம்பிக்கை. புருஷனுக்குச் சோறு கொடுக்கப் போனவள் தெப்பத்தில் கால் வைத்துவிட்டாள் என்று பிணம் கிடக்கும்போதே அனக்லேத்தோ சொன்னார். அவள் வைக்கவே இல்லை. ஆனாலும் ஊர் நம்பியது. அன்றிலிருந்து அவள் சுடும் அரிசி அப்பத்தை ஒருவரும் தொடுவதில்லை. புருஷனை முழுங்கியவள் என்றே பேர்.

"ஏய், தள்ளிப் போ! வந்துட்டா பாரு, ராசிக்காரி!" துடுப்புக்காரன் தமாசோ கத்தினான்.

"மாலை போட வந்தேன்டா. மாதா என்ன உன் மாமியாரா, நீ மட்டும் கொஞ்ச?"

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். தமாசோ முறைத்துக்கொண்டே மாலையை வாங்கக் குனிந்து கையை நீட்டினான். அந்தக் கையைப் பற்றி ஒரே தாவு. சிமியோனா தெப்பத்தில் நின்றாள்.

"ஐயோ, பொம்பள ஏறிட்டா!"

துடுப்புகளைப் போட்டுவிட்டு எல்லோரும் அவளிடமிருந்து விலகி ஒரே பக்கமாக ஓடினார்கள். தெப்பம் சாய்ந்தது. பலகை மேல் தண்ணீர் ஏறியது. நீச்சல் தெரியாத அனக்லேத்தோ பந்தலின் மூங்கில் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இறக்குங்கடா அவள!"

யாரும் அவளை நெருங்கவில்லை. சிமியோனா மாதாவின் காலடியில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு வைக்காத காலுக்குப் பழி போட்டீங்க. இன்னிக்கு ரெண்டு காலும் வச்சிருக்கேன், தலைவரே. நீங்க சொன்னது நெசம்னா முங்கணுமே? சேர்ந்தே போவோம், வாங்க. பெலாயோ காத்திருக்கான்."

ஒருவன் ஆற்றில் குதித்தான். அவன் உந்திய வேகத்தில் தெப்பம் இன்னும் சரிந்தது. மற்றவர்களும் விளிம்புக்குப் போனார்கள். அனக்லேத்தோவின் முழங்கால்வரை தண்ணீர்.

"குதிக்காதீங்கடா, பாவிங்களா!" அவர் அலறினார். "பொம்பள ஏறினா முங்காதுடா! போன வருஷம் பாரம் தாங்காது, வேணாம்னு பெலாயோ கத்தக் கத்த, என் விருந்தாளிங்க அத்தன பேரையும் நான்தான்டா ஏத்தினேன்!"