ஆழமாகப் புதைக்கப்பட்டவர்கள்

கோடைக் காய்ச்சலில் செத்துப்போன நெட் பில்ச் அந்த வாரமே ஒரு விடியற்காலையில் மண்வெட்டியோடு வேலைக்கு வந்து நின்றான். ஜேம்ஸ் ஆற்றங்கரையில் எவரும் அலறவில்லை.

"ஏண்டா இவ்வளவு நேரம்?" என்றார் தோட்ட முதலாளி பெரெக்ரின் ஹாக்ஸ்.

"ஆழமாப் புதைச்சுட்டாங்க, எசமான்" என்றான் நெட்.

எல்லாம் ஹாக்ஸின் சட்ட ஞானம். கப்பல் கூலிக்குப் பதிலாக இத்தனை வருஷம் உழைக்கிறேன் என்று எழுதிக்கொடுத்து இங்கிலாந்திலிருந்து இந்தப் புதுக் குடியேற்றத்துக்கு வந்தவர்கள், பாதியில் செத்துத் தொலைந்தார்கள். "ஓடிப்போறவனுக்குக் காலத்தைக் கூட்டறோம். சாகறவன் மட்டும் என்ன, சொல்லிட்டா போறான்?" என்று கோர்ட்டில் கேட்டார். நீதிபதிகள் அத்தனை பேரும் புகையிலைத் தோட்ட முதலாளிகள். சாவு எந்த ஒப்பந்தத்தையும் முடிக்காது என்று சுங்கானை வாயிலிருந்து எடுக்காமலே தீர்ப்பளித்தார்கள். அதன்பின் பிணங்கள் இலையில் புழு பொறுக்கின, சோறு கேட்கவில்லை. ஹாக்ஸ் மக்காச்சோளக் கொல்லையையும் உழுது வாசற்படிவரை புகையிலை நட்டார். கழுத்தில் லேஸ் பட்டை கட்டிக்கொண்டு, தன்னைக் கனவான் என்று அழைக்கச் சொன்னார். காலில் மட்டும் சாணி.

அவர் மனைவி டமாரிஸ், மணப்பெண்களை ஏற்றிவந்த கப்பலில் இறங்கியவள். அவளுடைய கப்பல் கூலிக்கு முதல்தரப் புகையிலையைக் கொடுத்துவிட்டதைப் பற்றி அவர் சாப்பாட்டு வேளைதோறும் வருத்தப்பட்டார். அவள் காத்திருந்தாள். அந்தக் கரையில் ஆண்கள் அதிகம் நீடிப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரி மூன்றாவது புருஷனில் இருந்தாள். பீப்பாய் செய்யும் ரால்ஃப், பேசும்போது தொப்பியைக் கழற்றுகிறவன், இவளுக்காகக் காத்திருந்தான்.

காய்ச்சல் ஒருவழியாக ஹாக்ஸையும் கண்டுபிடித்தது. அடக்கம் முடிந்ததும் ரால்ஃப் சவரம் செய்துகொண்டு வந்தான். "பாதிரியார்கிட்ட பேசட்டுமா?" என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு ஹாக்ஸ் உள்ளே வந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்து, பூட்ஸிலிருந்து மண்ணைத் தட்டினார்.

"'சாவு பிரிக்கும்வரை'ன்னுதானே கோயில்ல சொன்னோம்?" என்றாள் டமாரிஸ்.

"அதைத்தான் கோர்ட்டு செல்லாதுன்னு சொல்லிடுச்சே, கண்ணே."

அவள் கோர்ட்டுக்குப் போனாள். நீதிபதிகளுக்கு அவள்மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் இவளை விடுவித்தால் தங்கள் தோட்டத்துப் பிணங்களையும் விடுவிக்க வேண்டியிருக்கும். அறுவடை நேரம் வேறு. மனு தள்ளுபடியானது. ரால்ஃப் கொஞ்சநாள் தச்சுப் பட்டறையில் குடித்துக் கிடந்துவிட்டு, ஆற்றின் கீழ்ப்பக்கம் ஒரு விதவையைக் கட்டிக்கொண்டான். அவள் புருஷன் கடலில் மூழ்கிப் போனவன். திரும்பி நடந்துவர வழியில்லை.

மறுவருஷம் ஹாக்ஸைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. டமாரிஸ் படுக்கையில் அவர் பக்கம் சாக்கு விரித்துப் பழகினாள். தனக்குக் காய்ச்சல் கண்டபோது கசப்பு மருந்தைச் சொட்டு விடாமல் குடித்தாள். செத்து மட்டும் ஆகப்போவதென்ன?