செவ்வாய்க்கிழமை முகம்

குப்பை வாளியின் பிடியைப் பற்றி வரதராஜா வாசலுக்கு இழுத்துக்கொண்டிருந்தான். பனி இறங்கிய சீமெந்தில் தகரம் கரகரத்தது. காலை ஆறரை மணி. ஒன்பது மணிக்கு மனைவி யோகராணியின் சவப்பெட்டி வீட்டுக்கு வரும். பதினொரு மணிக்குத் தகனம்.

"உமக்கென்ன விசரே, மச்சான்? இண்டைக்கும் குப்பையே?"

மெல்பேணிலிருந்து வந்திருந்த கணேசலிங்கம் படியில் நின்றான். யோகராணியின் தமையன். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம்.

"செவ்வாய்க்கிழமை," என்றான் வரதராஜா.

மூடி சரிந்திருந்தது. சரிசெய்யக் குனிந்தபோது உள்ளே மேலாக வெங்காயத் தோல் கிடப்பதைக் கண்டான். சனிக்கிழமை மத்தியானம் அவள் உரித்தது. உரித்துக்கொண்டிருக்கும்போதே தலையிடிக்கிறது என்றாள். இரவு ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில், மூளையில் நரம்பு வெடித்துவிட்டது என்றார்கள். இருபத்தொன்பது வயது.

அவன் மூடியை அழுத்தி வைத்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

"ஏன் நிக்கிறீர் எண்டு எனக்குத் தெரியும்," என்றான் கணேசலிங்கம்.

பரமட்டாவில் ஒரு மருந்துக்கடையில் யோகராணி வேலை பார்த்தாள். ஏப்ரலில் ஒருவன் கள்ள மருந்துச் சீட்டைக் கொடுத்து இருநூறு ஊக்க மாத்திரைகளை வாங்கிப்போனான். அடுத்த மாதம் அந்த மாத்திரைகளோடு மூன்று ரக்பி லீக் ஆட்டக்காரர்கள் பிடிபட்டார்கள். பெரிய கழகம். ஒரு வாரம் பத்திரிகைகளுக்கு அதுவே சோறு. பொலிஸார் அந்த மூவரின் படங்களைப் பரப்பி, சீட்டுக் கொடுத்தவன் யார் என்று கேட்டார்கள். அவள் ஒரு படத்தில் விரலை வைத்தாள். கொலின் டெம்பி. வாக்குமூலத்தில் கையெழுத்தும் வைத்தாள். மாத்திரை வைத்திருந்ததற்கு மற்ற இருவரும் அபராதத்தோடு தப்பலாம். சீட்டுக் கொடுத்தவனுக்குச் சிறை.

போன செவ்வாய், குசினி ஜன்னலருகே கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ, கெதியா வாங்கோ."

வரதராஜா போவதற்குள் குப்பை லொறி திரும்பிவிட்டது. அவள் ஈரக் கையோடு நின்றாள்.

"படத்திலை நான் தொட்டவன் எங்கடை குப்பைக்காரன்."

"என்ன சொல்லுறீர்?"

"கடைக்கு வந்தவன்ரை முகம் எனக்கு நினைவில்லை. நினைவிலை இருந்தது நான் கிழமைக்குக் கிழமை பார்த்த முகம். பந்தடிக்கிற எல்லாருக்கும் மூக்கு உடைஞ்சுதானே கிடக்கு!" சிரிக்கப் பார்த்தாள். "நாங்கள் எல்லாரும் ஒரே மாதிரியாம் எண்டு சொல்லுற வெள்ளையளிலை கோவிக்கிறனான். இப்ப நான் என்ன செய்துபோட்டன்?"

பந்தாட்டத்தால் மட்டும் ரக்பி ஆட்டக்காரர்களுக்குச் சீவியம் ஓடாது. கிழமை நாட்களில் பலர் குப்பை லொறிக்குப் பின்னால் ஓடினார்கள். கூலியுமாயிற்று, பயிற்சியுமாயிற்று. அது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

பொலிஸுக்கு இப்போதே சொல்லுவோமா என்று கேட்டான்.

"வாற செவ்வாயும் பாக்கிறன். நீங்களும் பாருங்கோ. ரெண்டு தரம் பாக்காமல் நான் ஒருத்தருக்கும் மருந்து குடுக்கிறேல்லை."

வந்த செவ்வாய் இதுதான்.

நேற்று, வாக்குமூலம் வாங்கிய பொலிஸ் அதிகாரி பூங்கொத்தோடு வந்திருந்தார். நல்ல சாட்சி என்று அவளைப் புகழ்ந்தார். கையெழுத்து இருக்கிறது, அது நிற்கும், நீங்கள் எதற்கும் அலைய வேண்டாம் என்றார். வரதராஜா தேத்தண்ணீர் கொடுத்தான். குப்பைக்காரனைப் பற்றிச் சொல்லவில்லை.

"மூண்டு தரம் சோதினை எழுதி இந்த நாட்டிலை பாமசிஸ்ட் ஆனவள்," என்றான் கணேசலிங்கம். குரலைத் தாழ்த்தியிருந்தான். "செத்து மூண்டு நாளிலை, பிழை விட்டவள் எண்டு பேப்பரிலை வரவேணுமே? அம்மாவுக்கு நான் என்னெண்டு எழுதுறது?"

வரதராஜா தெருவையே பார்த்தான்.

"அவனும் அந்தக் கூட்டம்தானே. மாத்திரை போட்டவன்தானே."

"போட்டிருப்பான். சீட்டுக் குடுத்தவன் அவனில்லை."

"அது உமக்கு எப்பிடித் தெரியும்? நீர் கண்டனீரே?"



லொறிச் சத்தம் கேட்டது. ஓட்டுநர் நிறுத்தவே மாட்டார், ஊர்ந்துகொண்டே போவார். பின்னால் இரண்டு பேர் ஓடி ஓடி வாளிகளைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டு, வெறும் வாளியைப் புல்லில் எறிவார்கள். மூடிகள் உருளும். நார்த்மீட் ஊர் முழுவதும் அந்தச் சத்தத்தில்தான் விழிக்கும்.

இந்தப் பக்கம் ஓடிவந்தவன் அரைக் காற்சட்டை போட்டிருந்தான். குளிரில் தோளிலிருந்து ஆவி எழுந்தது. பத்திரிகையில் பார்த்த அதே மூக்கு. வேட்டியோடு நின்றவனைக் கண்டு வேகம் குறைத்தான்.

"காலை வணக்கம். மிஸஸைக் காணவில்லையே?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். "ஜன்னலில் கை காட்டுவா. கிறிஸ்மஸுக்கு எல்லோரும் எங்களுக்குப் பியர் வைப்பார்கள். அவ ஏதோ மஞ்சள் பலகாரம் வைத்தா. பெட்டி முழுவதையும் நானே தின்று முடித்தேன்."

பயற்றம் பணியாரம். விடிய எழும்பிச் சுட்டது.

"அவ இறந்துவிட்டா," என்றான் வரதராஜா. "இன்றைக்குத்தான் தகனம்."

தனக்கு எதிரான வாக்குமூலத்தில் இருப்பது அவளுடைய கையெழுத்து என்பது டெம்பிக்குத் தெரியாது. வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் நடந்தே லொறிக்குப் போனான்.

வரதராஜா உள்ளே வந்தான். குசினியில் இரஞ்சிதம் அக்கா வாய்க்கரிசிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தாள். யோகராணியின் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்பில் படித்தவள். தொலைபேசி மேசையில் அந்த அதிகாரியின் அட்டை பூங்கொத்தோடு கிடந்தது.

பின்னால் வந்த கணேசலிங்கம் தொலைபேசியின் மேல் கையை வைத்தான்.

"நாளைக்குச் செய்யும். அவளை அனுப்பிப்போட்டுச் செய்யும்."

"அவள் இண்டைக்கு எண்டு சொன்னவள், மச்சான்."

கணேசலிங்கம் கையை எடுத்தான். ஜன்னலோரக் கதிரையில் போய், முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு இருந்தான்.

அதிகாரி வீட்டில் காலைச் சாப்பாட்டில் இருந்தார். வரதராஜா சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

"உங்கள் மனைவி தவறு செய்துவிட்டார் என்றா சொல்லுகிறீர்கள்?"

"ஓம்," என்று தமிழில் சொல்லிவிட்டான். பிறகு ஆங்கிலத்தில், "அதைக் கண்டுபிடித்ததும் அவதான்," என்றான்.

எழுத்தில் தர வேண்டும் என்றார். தருகிறேன் என்றான். இன்றைக்கு முடியாது, நாளை காலை எட்டு மணிக்கு வருகிறேன் என்றான்.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கக் கறுப்புக் கார் தெருமுனையில் திரும்பியது. இரஞ்சிதம் அக்கா விளக்கை ஏற்றினாள். கணேசலிங்கம் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்து, வரதராஜாவின் பக்கத்தில் நின்றான்.

தெரு முழுக்க வெறும் வாளிகள் புல்லில் சரிந்து கிடந்தன. மூடிகள் ஒரு பக்கம், வாளிகள் ஒரு பக்கம். கார் அவற்றை விலக்கி விலக்கி மெதுவாக வந்தது. இந்த வாசலில் மட்டும் வாளி நிமிர்ந்து நின்றது. அதன் மூடி ஒழுங்காக மூடியிருந்தது.