சேவூர் சாலை மேல் வந்து படுத்த ஏரி

சென்ற வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, மூன்று லட்சம் பேர் வாழும் நகரமொன்று தன் ஏரியோடு வந்து சேவூருக்கும் கண்ணமங்கலத்துக்கும் நடுவே அமர்ந்தது. வடக்கே குன்று, நடுவில் தீவுக்கோட்டை, தெற்குக் கரையில் மணிக்கூண்டும் படகுத்துறையும். காணாமல்போன எருமையைத் தேடிவந்த ஓர் அரசி கட்டிய ஊராம். ஓர் இடம் சலித்துப்போனால் ஏரி கிளம்பிவிடும், நகரமும் பின்னாலேயே போகும் என்றார்கள் அங்குள்ளவர்கள். பக்கத்து ஆரணியில் அன்று தக்காளி விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

சேவூரில் பட்டு நெய்யும் பரிமளாவின் கஷ்டம் வேறு. வேலூர் சாலை ஏரிக்கு அடியில் போய்விட்டது. அவள் மகள் மதிவதனிக்குத் திங்கட்கிழமை வேலூரில் நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. நெடுஞ்சாலை அலுவலகத்தில், தண்ணீர் வந்த நகரத்துடையது என்றார்கள். நகரத்தில் கேட்டால், சாலை உங்களுடையது என்றார்கள். வேறு வழியில்லாமல் திங்கள் காலை இருவரும் படகேறினார்கள். படகோட்டி சுப்பராயலு நேரே போகாமல் தீவைச் சுற்றினார்.

“கோட்டையக் காட்டாம யாரையும் கரை சேக்கக் கூடாதும்மா. எங்க ஊரு முறை அது.”

“நாங்க சுத்திப் பாக்க வர்லீங்க, இங்கியே பொறந்தவங்க! ஜல்தி போங்க!” என்றாள் பரிமளா.

அவர் அரசி குளித்த படித்துறையையும் கல் யானையையும் காட்டி முடிப்பதற்குள் கண்ணமங்கலத்தில் பஸ் போய்விட்டது. வேலூரில் இன்டர்வியூவும் முடிந்துவிட்டது. மதிவதனி அழவில்லை. அதுதான் பரிமளாவுக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம், சுண்டல் தின்றபடி வேடிக்கை பார்த்த கூட்டத்தின் நடுவே பரிமளா கணுக்காலளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். “எங்கிருந்தோ வந்து எங்க ரோட்டு மேல படுத்துகினுகீறியே! உன்ன அழகுன்னு சொல்றவங்கல்லாம் ஊருக்குப் போயிடுவாங்க. தெனம் போவ வேண்டியவங்க நாங்க. பஸ்ஸு போற அளவுக்காவது நகந்து படு!”

ஏரி அப்போது ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் முதல் பஸ் வருவதற்குச் சற்று முன், சாலையின் அகலத்துக்கு விலகிக்கொண்டது. இருபுறமும் தண்ணீர் சுவராக நின்றது. கண்டக்டர், “ஜன்னல சாத்துங்க, மீனு வுழுது” என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார்.

ஆவணியில் மதிவதனிக்கு வேறொரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இப்போது அந்தத் தண்ணீர்ச் சுவரைப் பார்க்கத்தான் வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். சீட்டையெல்லாம் அவர்களே பிடித்துக்கொள்வதால் வேலைக்குப் போகிறவர்கள் வேலூர்வரை நின்றுகொண்டே போகிறார்கள். காலையில் இன்னொரு பஸ் விடச் சொல்லிப் பரிமளா டிப்போவுக்கு நடந்துகொண்டிருக்கிறாள். ஏரி மறுநாளே நகர்ந்துகொடுத்தது. பஸ்தான் இன்னும் வரவில்லை.