காளியண்ணன் பெற்ற பிள்ளைகள்

எனக்கு மூக்குமேல் கோபம். சேந்தமங்கலத்தில் நான் கணினி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் ஒரு லைப்ரரியோடு ஒரு வாரம் சண்டை போட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

லைப்ரரி என்றால் புத்தகம் அடுக்கிய இடமல்ல. முன்பின் தெரியாத யாரோ எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சும்மா கொடுத்திருக்கும் நிரல்தொகுப்பு. நோயாளி டாக்டரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வருகைப் பதிவு: யார் வந்தார், என்ன நோவு, என்ன மருந்து, பிறகு என்ன ஆனது. ஆஸ்பத்திரியின் பழைய சீட்டுகளை அதற்குள் ஏற்றுவது என் வேலை.

ஏற்றிப் பார்த்தால் தலை சுற்றியது. லாரி ஓட்டும் காளியண்ணனுக்கு இரண்டு பிரசவம் ஆகியிருந்தது!

சிஸ்டர் உஷாராணியிடம் ஓடினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "ஏனுங்க பிரவீனா, இந்தப் பக்கம் ஊட்டுக்கு ஒரு சீட்டுதானுங்க. ஆம்பள பேருல போட்டுருவாங்க. காளியண்ணன் லாரியோட நாக்பூருல இருப்பாரு, அவரு சீட்டுல ராசாத்திக்கு ஊசி போடுவோம்."

ராசாத்தி அவர் மனைவி.

"நல்ல கூத்துங்க!" என்று சொல்லிவிட்டு வந்து காளியண்ணன் சீட்டில் இருந்த ராசாத்தியின் ஒன்பது பதிவுகளையும் அழிக்க உட்கார்ந்தேன். லைப்ரரி விடவில்லை. அழிக்க முடியாது, வேண்டுமானால் 'தவறாகப் பதிந்தது' என்று குறித்துக்கொள் என்றது. நானும் ஒரு வாரம் முட்டிப் பார்த்தேன். இதை எழுதிய புண்ணியவான் கையில் கிடைத்தால் உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்தபடி, அப்படியே குறித்து வைத்தேன். இனிமேல் ஆளுக்கொரு சீட்டு என்று சுவரில் அறிவிப்பும் ஒட்டினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை, பக்கத்துத் தோட்டத்துக்காரர் ராசாத்தியைக் காரில் கொண்டுவந்து இறக்கினார். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும்போது மண்வெட்டி பட்ட கால் சீழ் வைத்திருந்தது. காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தார். காளியண்ணன் போனை எடுக்கவில்லை. ராசாத்தி பெயரில் புதுச் சீட்டு போட்டார்கள். திரையில் பழைய வருகை எதுவும் இல்லை, ஒவ்வாத மருந்தும் இல்லை. டாக்டர் பென்சிலின் எழுதினார்.

மாடியில் இருந்த எனக்கு உஷாராணி போன் செய்தார். "ஊசி கையிலதான் இருக்குது. எனக்கென்னமோ மனசு ஒப்பலீங்க. இந்தப் புள்ளைக்கு முன்ன ஒருக்கா என்னமோ ஆச்சு. காளியண்ணன் சீட்டப் பாருங்க சாமி, வெரசா!"

நான் அழிக்கப் பார்த்த சீட்டு அது. திறந்தேன். ஏழாவது வருகை, இரண்டு வருடத்துக்கு முன்: பென்சிலின் போட்டதும் முகம் வீங்கியது, மூச்சு திணறியது, பிழைத்ததே பெரும்பாடு.

"போடாதீங்க உஷாக்கா! போடாதீங்க!"

நான் கத்தியது கீழ்வரைக்கும் கேட்டதாம். வேறு மருந்து கொடுத்தார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அன்றைக்கே அந்த லைப்ரரிக்காரருக்கு நன்றி சொல்லி எழுதினேன். திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரிந்திருக்காது.

ஒரு வாரத்தில் ராசாத்தி நொண்டிக்கொண்டே மாடியேறி வந்தார். கூடவே காளியண்ணன், கையில் ஒரு பை கிழங்கோடு. அதற்குள் ஒன்பது வருகைகளையும் நான் ராசாத்தி பெயருக்கு மாற்றியிருந்தேன்; அதற்கு லைப்ரரி குறுக்கே நிற்கவில்லை. அச்சடித்து ராசாத்தி கையில் கொடுத்தேன். இரண்டு பிரசவம், நடுவில் தங்காமல் போன ஒன்று, அந்த ஊசி என்று அவர் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார்.

காளியண்ணன் எட்டிப் பார்த்தார். "இது எஞ்சீட்டுல இருந்ததுங்களே?"

"உங்க பேருதானுங்க இருந்துச்சு," என்றார் ராசாத்தி. "வலிச்சது எனக்கு."

தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு ராசாத்தி என் கையைப் பிடித்தார். "பழசையெல்லாம் அழிக்காம வெச்சிருந்தீங்களே. நீங்க நல்லாருக்கோணும் சாமி."

எனக்குக் கூசியது. "நான் அழிக்கத்தானுங்க பார்த்தேன். இந்தக் கம்ப்யூட்டருதான் அழிக்க உடலீங்க."

ராசாத்தி சிரித்துவிட்டார். "அப்ப அதுவும் நல்லாருக்கோணும்."