ஹனீப் கொடுத்த சக்கரம்

அறுபத்து நாலாம் வருஷம் டிசம்பரில் பம்பாயில் ஒரு மூன்று நாள் சைக்கிள் பந்தயம் நடந்தது. முதல் நாள் நாசிக், மறுநாள் பூனா, மூன்றாம் நாள் திரும்பவும் பம்பாய். மூன்று நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவருக்குக் கோப்பை. தாராவி அணியில் மூன்று பேர்: தோல் பட்டறைத் தொழிலாளி சொரிமுத்து, லேத் ஓட்டும் முகம்மது ஹனீப், மில் தொழிலாளி நம்பிராஜன்.

இரண்டாம் நாள் முடிவில் சொரிமுத்துதான் முன்னிலை. அடுத்திருந்த பூனா வீரன் ஷிண்டே இருபத்து மூன்றே விநாடி பின்னால்.

கடைசி நாள் காலையில் ஹனீப் சொன்னான்: "ஏல சொரி, நீ இன்னைக்கு முந்தவே வேண்டாம். ஷிண்டே இருக்க கூட்டத்தை மட்டும் விட்டுராத. கூட்டத்தோட முடிவுக் கோட்டைத் தாண்டுனா முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஒரே டைம்தான்."

கடைசி நூறு கெஜப் பாய்ச்சலில் ஹனீபை மிஞ்ச ஆளில்லை. அன்றைய ஓட்டத்தில் முதலிடம் அவனுக்குத்தான் என்று நம்பி, அவன் மனைவி சைனப் செம்பூரில் முடிவுக் கோட்டருகே காத்து நின்றாள்.

தானா நகரத்தைத் தாண்டியதும் சொரிமுத்துவின் பின் டயர் வெடித்தது. உதவி ஜீப் எங்கோ பின்னால் கிடந்தது. அதைப் பார்த்த ஷிண்டே மிதியை அழுத்தினான், கூட்டமும் பறந்தது. ஒரே அணிக்குள் சக்கரம் மாற்றிக்கொள்ள விதியில் இடமுண்டு. ஹனீப் குதித்து இறங்கித் தன் பின் சக்கரத்தைக் கழற்றினான்.

"இன்னைக்கு ஓட்டம் உனக்குள்ளதுல்லாடே?" என்றான் சொரிமுத்து.

"பேசாம ஏறுல. நம்பி, இவனைக் கூட்டத்துல கொண்டு சேத்துரு!"

நம்பிராஜன் முன்னால் எதிர்க்காற்றைத் தாங்கிக்கொண்டு மிதிக்க, சொரிமுத்து அவன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வந்தான். காட்கோபரில் கூட்டத்தின் வால் தெரிந்தது. அதற்குமேல் நம்பிராஜனுக்குக் கால் ஓடவில்லை.

"நீ போல!" என்று கத்திவிட்டு ஒதுங்கினான்.

மிச்சத் தூரத்தைச் சொரிமுத்து தனியாகவே துரத்திப் பிடித்தான். கூட்டத்தின் கடைசி ஆளாக ஒட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டினான். முதலில் வந்த ஷிண்டேயை ஜனங்கள் தோளில் தூக்கிவிட்டார்கள். நடுவர்கள் கடிகாரங்களை ஒத்துப் பார்த்தபின் மைக்கில் அறிவித்தார்கள்: கூட்டம் முழுவதற்கும் ஒரே நேரம், கோப்பை சொரிமுத்துவுக்கு.

நம்பிராஜன் அதற்குள் வந்திருந்தான். ஜீப்பிலிருந்து சக்கரம் வாங்கி மாட்டிய ஹனீப் எல்லோருக்கும் கடைசியாக வந்தான்.

"ஆக்ரி நம்பர் ஆயா!" என்று யாரோ ஒருவன் இந்தியில் கத்திச் சிரித்தான்.

சைனப் திரும்பினாள். "ஆமா, கடைசிதான். கப்பு வாங்குன வண்டியில கெடக்குறது இவுக வீலு. போய்ப் பாரும்!"

மேடையில் ஒருவர்தான் ஏறலாம் என்றார் நடுவர். சொரிமுத்து கேட்கவில்லை; ஹனீபையும் நம்பிராஜனையும் கையைப் பிடித்து மேலே இழுத்தான். ஹனீப் கூச்சத்தோடு சைனப்பைத் தேடினான். அவள் எல்லோருக்கும் முன்னால் நின்று கை தட்டிக்கொண்டிருந்தாள்.