மாரப்பன் சுவரில் ஒரு நிழல்

முதலமடைக்குக் கிழக்கே அப்புசாமியின் தோப்பில் நிழல் விழாமல் போன நாளன்று, காலையில் அவர் கீரைக் கடைசலும் சோறும் உண்டுவிட்டு, "உப்புப் பத்தல அம்மிணி" என்றார். அது தினமும் சொல்வதுதான். மகள் மருதாத்தாள் தட்டைக் கழுவிவிட்டு வெளியே வந்தபோது மாமரங்கள் ஓர் இலை குறையாமல் நின்றன. அடியில் மட்டும் சுள்ளென்று வெயில். நிழல் அத்தனையும் கூப்பிடு தூரத்தில் மாங்காய் வியாபாரி மாரப்பனின் வாசலில், மரமே இல்லாத இடத்தில், விரிந்து கிடந்தது. கூலியாட்கள் அதில் உட்கார்ந்து கூடை முடைந்தார்கள்.

அந்தப் பக்கத்தில் மரம் பூத்ததுமே மகசூலுக்கு விலை பேசி முன்பணம் வாங்குவது வழக்கம். அப்புசாமி ஒரே பூவை இரண்டு பேருக்கு விற்றார். ஒருவருக்குத் திருப்பித் தர அடுத்த வருடத்துப் பூவை விற்றார், பிறகு அதற்கடுத்தவற்றையும். விற்கப் பூ மீதமில்லாத எழுபத்து மூன்றாம் வருடத்தில், மாரப்பன் நிழலை அடமானமாக ஏற்றுக்கொண்டார். மருதாத்தாள் சங்கிலியை விற்று மீட்டாள். அடுத்த சந்தைக்குள் அவர் மறுபடி வைத்துவிட்டார். மாங்காய் அடுக்கிச் சேர்த்த கூலியில் இன்னொரு முறை மீட்டாள். அதுவும் போனது. அவர் குடிகாரர் இல்லை, சீட்டாடுபவரும் இல்லை. கடன் கிடைத்த அன்று மட்டும் அவர் முகம் தெளிந்திருக்கும். அந்த ஒரு நாளுக்காகவே வாங்கினார்.

நிழலோடு மிச்சம் கிணற்றடி மரம் ஒன்றுதான். இறந்துபோன அம்மா அதை மகள் பெயரில் எழுதி வைத்திருந்தாள்.

"ஒரே ஒரு கையெழுத்துத்தான் கண்ணு. எல்லாத்தையும் திருப்பிப் போடலாம்."

"மூணு வேளையும் சோறு உண்டுங்கப்பா. துணிமணி எடுத்துத் தர்றனுங்க. ஒடம்புக்கு முடியலீன்னா வண்டி வெச்சுக் கூட்டிட்டுப் போறனுங்க. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க."

"பெத்த அப்பனைவிட ஒரு மரம் பெருசாப் போச்சா?"

அவள் சோறு பரிமாறினாள். அந்த வாரமே சந்தைக்குப் போய், அப்பாவுக்குக் கொடுக்கும் கடனுக்குத் தான் பொறுப்பில்லை என்று ஒவ்வொரு வியாபாரியிடமும் சொல்லிவிட்டு வந்தாள். அதன்பின் கடைசியாக அப்புசாமி தன் சொந்த நிழலைக் கொண்டுபோய் வைத்தார். அது மாரப்பன் மாங்காய் அடுக்கி வைக்கும் கிட்டங்கியின் சுவரில் ஒட்டிக்கொண்டது.

"மக சோறு போடறாளாமா, அப்பன் நெழலு போனா என்னன்னு இருக்கறாளாமா" என்று பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் தண்ணீர் எடுக்கும் இடமெல்லாம் சொன்னாள். அதைக் கேட்ட நாட்களில் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று மருதாத்தாளுக்குத் தோன்றும். போடவில்லை. அப்புசாமி வெயிலில் நடக்க வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். பிறகு ஒருநாள் கயிற்றுக் கட்டிலைக் கிணற்றடி மரத்தின் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டார். மர நிழலுக்குள் இருக்கிற மனிதனுக்கு நிழல் உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ஆட்கள் வந்து உட்கார்ந்து பேசினார்கள். வருடங்கள் அங்கேயே போயின. மகளுக்கு அவர் நன்றி சொன்னதில்லை. உப்பு பற்றாததை மட்டும் சொன்னார்.

எழுபத்து ஒன்பதாம் வருடம், அந்தக் கட்டிலிலேயே இறந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு மாரப்பன் வந்தார்.

"ஏனம்மிணி, அசலே வேண்டாம். பாதி வட்டியக் குடுத்துட்டு உங்கப்பன் நெழலக் கூட்டிட்டுப் போயிரு. செவுத்துல நின்னுக்கிட்டு, லோடு ஏத்த வர்றவங்கிட்டயெல்லாம் கையை நீட்டுது."

பல நாளாகச் சிரிக்காத மருதாத்தாள் அப்போது சிரித்தாள். சிரிப்பிலேயே கண் நிறைந்தது.

"அப்பா அப்படித்தானுங்க. நானுங்களா வெச்சேன்? அங்கயே இருக்கட்டுங்க."

நிழல் அங்கேயே இருக்கிறது. அமாவாசை தோறும் மருதாத்தாள் சோறும் கீரைக் கடைசலும் கொண்டுபோய்ச் சுவரடியில் வைக்கிறாள். சுவரிலிருக்கும் கை முதலில் அவள் இடுப்பிலுள்ள சுருக்குப்பையை நோக்கி நீளும். அவள் அசையாமல் நிற்பாள். பிறகு அது தட்டுக்குத் தாழும். கீரையில் உப்பு இன்றும் கொஞ்சம் குறைவுதான்.