எதிரணியில் சத்யப்ரியா

மதுரை அவனியாபுரத்து சத்யப்ரியாவுக்கு வாய் நீளம் என்பது தெருவே அறிந்த சங்கதி. குழாயடியோ, ரேஷன் கடையோ, கல்யாண வீடோ, அவள் நிற்கிற இடத்தில் நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதுவரைக்கும் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. அந்த வாயை வைத்தே பிழைத்துக்கொள்கிறேன் என்று அவள் சொன்னபோதுதான் வீட்டில் புகைச்சல் கிளம்பியது.

சொன்ன நேரம் அப்படி. பேங்க் கிளார்க் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. தேனியில் வேலை, திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பா பேயாண்டியின் நச்சரிப்புக்காக எழுதிய பரீட்சை அது. பாஸாகித் தொலைப்போம் என்று அவளே நினைக்கவில்லை. கல்லூரியில் படிக்கும்போதே பட்டிமன்ற மேடை ஏறியவள், இரண்டு வருஷமாகப் பேராசிரியர் ராமமூர்த்தியின் குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தாள். கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, பொங்கலுக்கு உள்ளூர் டிவி என்று அழைப்பு வந்தபடி இருந்தது. இதுதான் என் தொழில் என்று மனசு எப்போதோ முடிவு செய்துவிட்டது. ஊரையே சிரிக்கவைக்கிற அந்த வாய்க்கு அப்பாவுக்கு முன்னால் மட்டும் பூட்டு விழுந்துவிடும், அதுதான் கஷ்டம்.

பேயாண்டி அரசு பஸ்ஸில் கண்டக்டர். சொந்த ஊர் பேரையூர். மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துப் பார்த்தே கழுத்து வலித்துப்போன குடும்பம். அதிலிருந்து தப்பித்து மதுரைக்கு வந்து, காக்கிச் சட்டை போட்ட நாளிலிருந்து நிரந்தர வேலைதான் அவருக்குக் குலசாமி. நாள் முழுக்க ‘உள்ளே போ, உள்ளே போ’ என்று கத்திவிட்டு வருவதாலோ என்னவோ, வீட்டில் செலவழிக்க அவரிடம் பேச்சு மிச்சமிருக்காது.

“பேங்கு வேலையா வேணாம்ங்கிற?” என்றார், நம்பாமல்.

“வேணாம்ப்பா.”

“மைக்கு முன்னால நிக்கிறது ஒரு வேலையா தாயி? திருவிழா இல்லாத மாசத்துல என்ன செய்வ?”

மேடையாக இருந்தால் இந்தக் கேள்வியை அவள் பிய்த்து எறிந்திருப்பாள். கேட்டவர் அப்பாவாயிற்றே! அம்மா அழகம்மாள்தான் நடுவில் புகுந்தாள்.

“சனிக்கிழமை நம்ம பேரையூர்த் திருவிழாவுல பேசப்போறா. ஒருநா கூட நீங்க கேட்டதில்ல. வந்து ஒருக்கக் கேளுங்க. கேட்டுட்டு வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க.”

பேயாண்டி காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். “சரி, கேக்குறேன். கேட்டுட்டு நான் என்ன சொல்றேனோ அதுதான். அதுக்கப்பறம் மறுபேச்சுப் பேசக்கூடாது.”

சத்யப்ரியா உடனே தலையாட்டினாள். ஆட்டியதற்குக் காரணம் இருந்தது. பேரையூரில் தலைப்பு, ‘வாழ்க்கைக்கு நிறைவு தருவது நிரந்தர வேலையா, மனசுக்குப் பிடித்த வேலையா?’ அவளுக்குக் கிடைத்திருந்தது பிடித்த வேலை அணி! வீட்டில் வாய் திறந்து சொல்ல முடியாததை எல்லாம் மைக்கில் சொல்லிவிடலாம். அப்பா எழுந்து போகவும் முடியாது, குறுக்கே பேசவும் முடியாது. மூன்று நாள் உட்கார்ந்து தயார் செய்தாள். ஊருக்கென்று எழுதிய பேச்சு இல்லை அது, ஒரே ஒரு ஆளுக்கென்று எழுதியது.

சனிக்கிழமை சாயங்காலம் பேரையூர் கோயில் திடலில் மேடைக்குப் பின்னால் போய் நின்றபோது, ராமமூர்த்தி சார் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார்.

“கிரிதரன் வரலம்மா.”

நிரந்தர வேலை அணியின் முக்கியப் பேச்சாளர் கிரிதரன். சர்க்கார் ஆபீஸில் வேலை. சனிக்கிழமை என்றும் பாராமல் கடைசி நேரத்தில் ஆபீஸுக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். நிரந்தர வேலையின் பெருமையைப் பேச வேண்டியவரை நிரந்தர வேலையே பிடித்து வைத்துக்கொண்டது. வேறொரு நாளாக இருந்திருந்தால் இதைச் சொல்லியே மேடையில் பத்து நிமிஷம் சிரிக்க வைத்திருப்பாள் சத்யப்ரியா.

“நீ அந்தப் பக்கம் போயிரும்மா,” என்றார் சார்.

“சார்! நானா?”

“பிடிச்ச வேலைன்னு யார் வேணும்னாலும் பேசிருவாங்க. விழாக் கமிட்டித் தலைவரோட மச்சான் ஒருத்தர் ஆசையா நிக்கிறாரு, அவரைப் போட்டுக்கிறேன். நிரந்தர வேலைக்குத்தான் கை தட்டு வாங்கத் தெரிஞ்ச ஆள் வேணும்.”

பட்டிமன்றக்காரர்களுக்கு இது சாதாரணம். நேற்று மேலூரில் மாமியார் பக்கம், இன்றைக்குத் திருமங்கலத்தில் மருமகள் பக்கம். கொடுத்த பக்கத்துக்குப் பேசுவதுதான் தொழில். சத்யப்ரியாவும் எத்தனையோ தடவை மாறிப் பேசியிருக்கிறாள். ஆனால் இன்றைக்கு எதிரே அப்பா இருக்கிறார். நன்றாகப் பேசினால், ‘நீயே சொல்லிட்டயே தாயி’ என்று பேங்குக்கு அனுப்பிவிடுவார். மோசமாகப் பேசினால், ‘இதுவும் உனக்கு வரலையே’ என்று அனுப்பிவிடுவார். மாட்டேன் என்று சாரிடம் சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தாள். அதற்குள் மைக்கில் அவள் பெயரைப் புதிய அணியில் சேர்த்து அறிவித்துவிட்டார்கள்.

மேடையிலிருந்து தேடினாள். முன்வரிசையில் அம்மாவும் சோணை மாமாவும் உட்கார்ந்திருந்தார்கள். சோணை, அழகம்மாளின் தம்பி, பேரையூரிலேயே உரக்கடை வைத்திருக்கிறவர். அப்பாவுக்கென்று அவர் பிடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. அப்பா பின்னால், ட்யூப்லைட் கட்டிய கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்து பழக்கமில்லாத மனுஷன்.

நன்றாகப் பேசி மாட்டிக்கொள்வதைவிடச் சொதப்பிவிடலாம் என்ற நினைப்போடுதான் எழுந்தாள். மைக்கைப் பிடித்ததும் அந்த நினைப்பு ஓடிப்போயிற்று. மைக்கைப் பிடித்துவிட்டு மோசமாகப் பேசுவது அவளுக்குத் தெரியாத வித்தை.

“நடுவர் அவர்களே! பிடிச்ச வேலை, பிடிச்ச வேலைன்னு எதிரணியில முழங்கினாங்க. முழங்கிட்டு எதுல வீட்டுக்குப் போவாங்க? பஸ்ல. அந்த டிரைவர் இன்னைக்கு எனக்குப் பிடிக்கலன்னு வேப்பமரத்தடியில துண்டை விரிச்சுட்டா, ஐயா எப்படி ஊர் போய்ச் சேருவாரு?”

திடல் சிரித்தது. தலைவரின் மச்சானும் சேர்ந்து சிரித்தார். பஸ் என்று வாயில் வந்ததும் அவள் கண் தானாகக் கம்பத்துப் பக்கம் போயிற்று. அப்பா கால் மாற்றி நின்றார். கையிலிருந்த நகைச்சுவை எல்லாம் அப்போது அவளுக்கு மறந்துவிட்டது.

“எங்கப்பா கண்டக்டர். தீபாவளிக்கு முதல் நாள் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல கூட்டத்தைப் பார்த்திருக்கீங்களா? அத்தனை பேரும் ஊருக்குப் போய் எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும். அவங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆளுக்குத் தீபாவளி கிடையாது. எங்க வீட்டுல எப்பவுமே மறுநாள்தான் தீபாவளி. தெருவுல எல்லாரும் வெடிச்சு முடிச்ச பேப்பரைக் கூட்டிக்கிட்டிருக்கும்போது நாங்க வெடிப்போம். சின்னப் பிள்ளையில எனக்கு அது பெரிய கோவம். இப்பத்தான் தெரியுது, ஊருக்கெல்லாம் தீபாவளியை இறக்கிவிட்டுட்டு வந்து நிக்கிற மனுசன் அவரு.”

திடலோரத்துச் சுண்டல்காரர்கூடக் கரண்டியை வைத்துவிட்டார்.

“ஒரு பஸ்ல அம்புட்டுப் பேரும் உட்கார்ந்து போகணும்னா, ஒருத்தர் நின்னுக்கிட்டே வரணும். அவருக்கு அது பிடிச்சிருக்கான்னு வீட்டுல நாங்க யாரும் கேட்டதில்ல. அவரும் சொன்னதில்ல. நிரந்தரம்னா சம்பளம் இல்லீங்கய்யா. நாளைக்கும் இந்த ஆள் வருவாருன்னு ஊரே நம்பி ரோட்டுல நிக்குதே, அதுதான் நிரந்தரம்.”

கை தட்டு அடங்க நேரமாயிற்று. ராமமூர்த்தி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நிறைவு தருவது நிரந்தர வேலையே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சத்யப்ரியா ஜெயித்துவிட்டாள். இப்படியொரு வயிற்றெரிச்சலான ஜெயம் அவளுக்கு அதற்கு முன்னால் வாய்த்ததில்லை.

சோணை மாமாவின் வீட்டில்தான் அன்றைக்குத் தங்கினார்கள். அப்பா சாப்பிட்டார், கை கழுவினார், படுத்துவிட்டார். சத்யப்ரியா பேங்குக்குக் கட்டிக்கொண்டு போக எந்தச் சேலை தோது என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டாள். கொடுத்த வாக்கு கொடுத்ததுதானே.

காலையில் டீத் தம்ளரோடு சோணை ஆரம்பித்தார். “அப்பறம் என்ன மச்சான், பெட்டியக் கட்டச் சொல்லுங்க. உங்க மக வாயாலேயே தீர்ப்பு வாங்கியாச்சு.”

பேயாண்டி டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். “அவ போகல மாப்ள.”

“எங்க போகல?”

“பேங்குக்கு.”

அடுப்படிக்குள் இருந்த சத்யப்ரியா அதன் வாசலுக்கே வந்துவிட்டாள்.

சோணைக்குத் தம்ளர் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது. “என்ன மச்சான் இது! ஊரே நம்பி நிக்குதே, அதுதான் நிரந்தரம்னு சொன்னது யாரு? நானா சொன்னேன்?”

“சொன்னா. அது வந்து... அது வேற.”

“என்ன வேற?”

பேயாண்டி மோட்டுவளையைப் பார்த்தார். “பேங்குல ஏசி இருக்கும். தொண்டை கட்டிக்கிரும்.”

“தேனியில எந்த பேங்குல மச்சான் கிளார்க்குக்கு ஏசி போட்டுருக்கான்? ஃபேனே ஓடாது!”

“அதோட, தேனி பஸ்ஸு சரியான கூட்டம். பொம்பளப்பிள்ள தெனமும் நின்னுக்கிட்டே போகணும்.”

“இத ஒரு கண்டக்டர் சொல்றீங்க பாருங்க!” என்று தொடையைத் தட்டினார் சோணை.

சத்யப்ரியாவுக்குத் தாங்கவில்லை. இவ்வளவு மட்டமான வாதத்தை அவள் எந்த மேடையிலும் கேட்டதில்லை. தலைவரின் மச்சான்கூட இதைவிட நன்றாகப் பேசினார். சோணை மாமாவோ அவள் நேற்றுப் பேசியதை எல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்து அப்பா மேலேயே எறிந்துகொண்டிருந்தார். அப்பா ஒவ்வொன்றுக்கும் திணறினார். திணறினாலும் விடவில்லை.

“ஒரே ஒரு காரணம் சொல்லுங்க மச்சான், நான் வாயை மூடிக்கிறேன்.”

பேயாண்டி தம்ளரைக் கீழே வைத்தார்.

“இம்புட்டு வருசமா நின்னுருக்கேன் மாப்ள. காலு வலிக்கும்கிறது மட்டுந்தான் எனக்குத் தெரியும். நான் என்ன செஞ்சுக்கிட்டிருந்தேன்னு நேத்து இவ சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சது. பேங்குல உக்கார ஆயிரம் பேர் வருவான். இதச் சொல்ல ஒரு ஆளு வேணும்ல?”

“இதெல்லாம் ஒரு பாயிண்டா மச்சான்?” சோணை வாசல் பக்கம் திரும்பினார். “ஏ சத்யா, நீயே சொல்லு. உங்கப்பா பேசுறதுல ஏதாவது அர்த்தம் இருக்கா?”

அவளிடம் பதில் இருந்தது. பத்துப் பதில் இருந்தது, மூன்று நாள் உட்கார்ந்து தயார் செய்தது. ஒன்றை எடுத்துவிட்டிருந்தால் மாமா அந்த இடத்திலேயே சுருண்டிருப்பார். ஆனால் எடுக்கவில்லை. அவள் பக்கத்துக்குப் பேச அப்பா எழுந்து நிற்கிற முதல் நாள் இது. குறுக்கே புக அவளுக்கு மனசில்லை.

“அப்பா பேசட்டும் மாமா,” என்றாள்.

பேயாண்டி ஒருதரம் செருமிக்கொண்டு, மறுபடியும் ஏசியிலிருந்து ஆரம்பித்தார்.